ஆளுக்கு ஓர் அளவு

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஊறுகாயிலுள்ள உப்பைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்ததாகச் சொல்லி ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தில் உப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விஷயம் வேறு.

அவருடைய மாமியாருக்கு மூட்டு வாதம். ஏழு வயதுப் பையனுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. இருவருக்கும் இரண்டு டாக்டர்கள் ஒரே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிரெட்னிசொலோன் என்று அதற்குப் பெயர். ஸ்டீராய்ட் வகையைச் சேர்ந்தது. ஆனால் அறுபத்தெட்டு வயதான மாமியாருக்குத் தினம் 5 மில்லிகிராம். பாலகனுக்கோ 40 மில்லிகிராம்! "சீட்டு மாறிப்போய்விட்டதோ என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறோம். 'குழந்தைக்கு என் அளவே ஜாஸ்தி, அதில் பாதி கொடு' என்று மாமியார் சொல்கிறார். தாங்கள் விசாரித்து எழுத வேண்டும்" என்று கேட்டிருந்தார்.

பத்திரிகையில் பதில் வெளியாகும் வரையில் காத்திருக்க நமக்குத் துணிவு வரவில்லை. கடிதத்தில் கண்டிருந்த டெலிபோன் நம்பருக்கு அன்றைக்கே கூப்பிட்டு, "ஒரு மாத்திரைகூடக் குறைக்க வேண்டாம், அம்மா. சீட்டை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரிடமே போய்க் கேளுங்கள்" என்று சொன்ன பிறகுதான் நமக்குச் சாப்பாடு இறங்கிற்று.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். இதே விஷயத்தில் முன்பு ஒரு முறை நாம் வெகு நிதானமாக, விவரம் தெரிந்தவரைப்போல, யோசனை சொன்னதுண்டு. அதன் பலனை ஒரு சிறு பையன் அனுபவித்தான்.

2022ஆம் வருஷம் நடந்தது அது. நம்முடைய பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு தையற்கடை உண்டு. கடைக்காரரின் மகன் நம் பள்ளியில் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் கண் இமைகள் வீங்கிய முகத்தோடு வந்து சேர்ந்தான். பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். இரண்டு நாளில் கால்களும் வீங்கின. மறு வாரம் நிஜாருக்குப் பொத்தான் போட முடியாதபடி வயிறு ஊதிவிட்டது. குழந்தை வைத்தியத்தில் தேர்ந்த ஒரு டாக்டரம்மாள் சிறுநீரைப் பரிசோதித்து வியாதியைக் கண்டுகொண்டார். சிறுநீரகம் என்பது ஒரு நுண்ணிய சல்லடை. ஏதோ காரணத்தால் அதன் கண்கள் தளர்ந்துபோனால், இரத்தத்தில் தங்க வேண்டிய புரதச் சத்து சிறுநீரில் ஒழுகிவிடுகிறது. உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது. குழந்தைகளுக்கு வரும் இந்த வியாதி பெரும்பாலும் பிரெட்னிசொலோனுக்குக் கட்டுப்படும். பையனுக்கும் இரண்டு வாரத்துக்குள் வீக்கம் வடிந்தது.

வீக்கம் வடிந்த கையோடு வேறு தொல்லை ஆரம்பித்தது. முகம் பௌர்ணமிச் சந்திரனைப்போல உருண்டது. இரவு பத்து மணிக்கு எழுந்து இட்டிலி கேட்டு அழுதான். சாதுவான பிள்ளை தங்கையை அடிக்கத் தொடங்கினான். வகுப்பில் அவனுக்குப் "பூசணிக்காய்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். (அந்தப் பெயரை வைத்தவர்களை நாம் தண்டித்தோம். பிற்பாடு நாம் செய்த காரியத்தோடு ஒப்பிட்டால் அவர்கள் செய்தது பெரிய குற்றமல்ல.)

அந்த மாதத்தில்தான் நம் பள்ளி டிராயிங் மாஸ்டருக்கு இழுப்பு கண்டது. அவருக்கும் பிரெட்னிசொலோன் கொடுத்தார்கள். தினம் 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் சாப்பிட்டார். ஆறாம் நாள் அடியோடு நிறுத்திவிட்டுச் சௌக்கியமாக வேலைக்கு வந்தார். அவருடைய சட்டைகளைத் தைப்பவர் என்ற முறையில் தையற்காரருக்கு இந்த விவரம் முழுவதும் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் நம்மிடம் வந்தார்.

"ஸார், மாஸ்டருக்கு அஞ்சு நாளோடு நிறுத்தியாச்சு. என் பிள்ளைக்கு மட்டும் மூணு மாசமாம். அதுவோ பொல்லாத மருந்து என்கிறார்கள். வீக்கம்தான் வடிஞ்சு போச்சே, நீங்கள் படிச்சவங்க, என்ன செய்யலாம்?"

ஸ்டீராய்ட் என்ற சொல்லே ஒரு வசவாகிவிட்டிருந்த காலம் அது. முந்திய வருஷம், 2021இல், கோவிட் ஜுரத்திலிருந்து பிழைத்தவர்களில் பலரைக் கருப்புப் பூஞ்சை நோய் தாக்கியதும், சர்க்கரை வியாதியோடு ஸ்டீராய்ட் மருந்தை மிதமிஞ்சிப் பயன்படுத்தியதும் அதற்குக் காரணங்கள் என்று டாக்டர்கள் சொன்னதும், அந்த நோய் கண்டால் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் உத்தரவு போட்டதும் எல்லோர் மனத்திலும் இருந்தன. நாமோ கணிதத்தில் பட்டம் பெற்றவர். ஒரே மாத்திரை, ஒரே 40. ஓரிடத்தில் ஐந்து நாளில் முடிகிற கணக்கு மற்றோரிடத்தில் தொண்ணூறு நாள் ஏன் இழுக்க வேண்டும்? "விட்டுத்தான் பாருங்களேன்" என்றோம்.

அப்போது பையனுக்கு மருந்து தொடங்கி ஐந்தாவது வாரம். தகப்பனார் நிறுத்திவிட்டார். பத்து நாள் வரையில் ஒன்றும் இல்லை. பிறகு தெருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் வந்த சளி ஜுரம் அவன் வீட்டுக்கும் வந்தது. தங்கை இரண்டு நாளில் எழுந்து விளையாடப் போய்விட்டாள். அவன் எழுந்திருக்கவில்லை. குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தான். கை கால்கள் சில்லிட்டன. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. தகப்பனார் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டரம்மாள் நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள்?" என்பதுதான்.

ஹைட்ரோகார்ட்டிஸோன் என்ற மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றினார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் ஏற்றினார்கள். சாயங்காலம் பையன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். நிறுத்தச் சொன்னது யார் என்று தகப்பனார் கடைசி வரையில் டாக்டரம்மாளிடம் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் நின்றிருந்த நாமே போய்ச் சொன்னோம்.

அந்த அம்மாள் கோபித்துக்கொண்டிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கள், ஸார். நாலு பேருக்கு எடுத்துச் சொல்கிற வேலையில் இருக்கிறீர்கள். சரியாகத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்" என்றார். கீழே வருவது அன்றைக்கு அவர் சொன்னதும், பிறகு நாம் வெட்கத்தினால் தேடிப் படித்ததும் ஆகும்.

நம்முடைய இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் குல்லா வைத்தாற்போல் அட்ரினல் என்ற சுரப்பி ஒவ்வொன்று இருக்கிறது. 1855இல் லண்டன் நகரத்துக் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தாமஸ் அடிஸன் என்ற டாக்டர், இந்தச் சுரப்பிகள் கெட்டுப்போனவர்கள் தோல் கறுத்து, மெலிந்து, சோர்ந்து மாண்டுபோவதைக் கண்டு எழுதினார். அது வரையில் இவை எதற்கு இருக்கின்றன என்பதே தெரியாது. இவை சுரக்கும் சாரங்களில் முக்கியமானது கார்ட்டிஸால். ஆரோக்கியமாக இருக்கிறவர் உடம்பில் நாள் ஒன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம்தான் சுரக்கிறது. அதுவும் நாள் முழுவதும் ஒரே சீராக அல்ல. நாம் கண் விழிக்கும் வேளையை ஒட்டி மிகுதியாகவும், நடு நிசியில் மிகக் குறைவாகவும் சுரக்கிறது. ஜுரம், காயம், அறுவைச் சிகிச்சை என்று ஏதாவது வந்துவிட்டாலோ, பல மடங்கு சுரந்து இரத்த ஓட்டம் தளராமல் காப்பாற்றுகிறது.

இவ்வளவுக்கும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற மற்றொரு சுரப்பி கணக்குப்பிள்ளையாக இருந்து உத்தரவு அனுப்புகிறது. வெளியிலிருந்து அதே வகைச் சரக்கு மாத்திரை வடிவத்தில் வந்து குவியும்போது கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? உத்தரவை நிறுத்திவிடுவார். வேலையில்லாத அட்ரினல் வாரக்கணக்கில் தூங்கிச் சுருங்கிவிடுகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அது மறு நாளே விழித்துக்கொள்வதில்லை. வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூடச் செல்லும். அந்த இடைவெளியில் ஒரு சாதாரண ஜுரம் வந்தாலும் போதும். உடம்பு கூடுதலாகக் கேட்கிறது. கொடுப்பதற்கு வெளியிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. தையற்காரர் மகனுக்கு நேர்ந்தது இதுதான். டிராயிங் மாஸ்டருடைய ஐந்து நாளில் சுரப்பி ஒரு கோழித் தூக்கம் போட்டதோடு சரி. மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு இந்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துவது டாக்டர்களின் வழக்கம். நாம் 40 என்ற எண்ணைப் பார்த்தோம். நாட்களின் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை.

இந்த மருந்தின் சரித்திரமே அளவைக் கற்றுக்கொண்ட சரித்திரம் என்று சொல்லலாம். அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்து ராச்செஸ்டர் நகரில் உள்ள மேயோ வைத்திய நிலையத்தில், மூட்டு வாதத்தினால் படுக்கையோடு முடங்கியிருந்த 29 வயதுப் பெண்ணுக்கு, 1948 செப்டம்பர் 21ஆம் தேதி பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டரின் குழுவினர் கார்ட்டிஸோன் ஊசி போட ஆரம்பித்தார்கள். அந்தப் பொருளைச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தவர் அதே நிலையத்தைச் சேர்ந்த எட்வர்டு கெண்டல். தினம் 100 மில்லிகிராம். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தாள். ஒரு வாரத்துக்குள் கடைவீதிக்கே போய் வந்தாள். உலகம் பிரமித்தது. 1950இல் ஹெஞ்சுக்கும் கெண்டலுக்கும் ஸ்விட்ஜர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்குமாகச் சேர்த்து நோபல் பரிசு வழங்கினார்கள்.

ஆனால் பரிசு கைக்கு வருவதற்குள்ளேயே மறு பக்கம் தெரிந்துவிட்டது. அதிக அளவில் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு முகம் உருண்டது, சர்க்கரை ஏறிற்று, எலும்பு மெலிந்தது, சிலருக்குப் புத்தியே கலங்கிற்று. நிறுத்தினாலோ மூட்டு வாதம் திரும்பி வந்தது. மருந்து வியாதியை அடக்குகிறதே தவிர, அதன் வேரைப் பிடுங்குவதில்லை. "எது மருந்து?" என்ற கேள்விக்கு 1948இல் பதில் கிடைத்துவிட்டது. "யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள், எந்த வேளையில்?" என்ற கேள்விக்கு அன்று முதல் ஒவ்வொரு நோயாளியிடமும் புதிதாகப் பதில் தேட வேண்டியிருக்கிறது.

டாக்டரம்மாள் இதைத் தையற்காரரிடம் விளக்கிய விதம் நமக்கு மறக்கவில்லை. நாம் கணக்கில் பட்டம் பெற்றிருந்தும் விளங்காதது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"ஐயா, உங்கள் பிள்ளைக்கு நான் எப்படி அளவு போட்டேன் தெரியுமா? வயசை வைத்து அல்ல. அவன் தோல் முழுவதையும் பிரித்துத் துணியைப்போல விரித்தால் எத்தனை சதுர மீட்டர் வரும் என்று பார்த்தேன்."

உயரமும் எடையும் தெரிந்தால் இதைக் கணக்கிட்டுவிடலாம். 130 சென்டிமீட்டர் உயரமும் 25 கிலோ எடையும் உள்ள பிள்ளைக்குச் சுமார் 0.95 சதுர மீட்டர் வரும். இந்த வியாதிக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்கு 60 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம். மொத்தத்தில் 60க்கு மேல் போகக் கூடாது. பிறகு சதுர மீட்டருக்கு 40 வீதம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மேலும் ஆறு வாரம். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் எதற்கு?" என்று நாம் கேட்டோம். மருந்தில்லாத நாளில் தூங்குகிற சுரப்பி கொஞ்சம் புரண்டு படுக்குமாம். குழந்தையின் வளர்த்தியும் அவ்வளவாகத் தடைப்படாதாம்.

தையற்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். "அம்மா, பிள்ளை அப்போ வீங்கியில்ல இருந்தான்? உள்ளே பஞ்சு வைச்சு அளவெடுத்தமாதிரி ஆகாதா?"

டாக்டரம்மாள் சிரித்துவிட்டார். அதற்காகத்தான் வீங்கிய எடையை எடுத்துக்கொள்ளாமல், வீங்குவதற்கு முன் அவன் என்ன எடை இருந்திருப்பான் என்று விசாரித்து அதற்குப் போட்டாராம். நீருக்கு மருந்து வேண்டாம், பையனுக்குத்தான் மருந்து.

இப்போது அந்தச் சகோதரியின் மாமியாரைக் கவனிப்போம். பேரனுக்கு வேண்டியது, ஓட்டை விழுந்த சல்லடையைச் சட்டென்று அடைப்பது. அதற்கு உயர்ந்த அளவு, ஆனால் வாரக்கணக்கு. பாட்டியின் மூட்டு வாதமோ வருஷக்கணக்கில் உடன் வாழ்கிற விருந்தாளி. வேறு மருந்துகள் முக்கிய வேலையைச் செய்ய, இது சிறு துணையாக, எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவில் நிற்க வேண்டும். அந்த வயதில் எலும்பு முன்பே மெலிந்திருக்கும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இருக்கலாம். கண்ணில் புரை விழலாம். மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட நேரும் முதியவர்களுக்கு எலும்பைக் காக்கத் தனி மருந்தும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்துத் தருவது அதற்காகத்தான். ஆக, பாட்டியின் 5, பேரனின் 40 இரண்டும் சரியான அளவுகளாக இருக்கலாம். சீட்டு மாறியிருந்தால்தான் விபரீதம்.

எண்களை நம்பி மோசம் போகிற நம் போன்றவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஸ்டீராய்ட் என்பது ஒரு மருந்தின் பெயரல்ல. ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவருடைய பலமும் வேறு. ஹைட்ரோகார்ட்டிஸோன் 20 மில்லிகிராம் செய்கிற வேலையைப் பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம் செய்துவிடும். டெக்ஸாமெதஸோனில் முக்கால் மில்லிகிராமே போதும். 2020இல் பிரிட்டனில் கோவிட் நோயாளிகள் ஆயிரக்கணக்கானவர்களிடம் பரீட்சித்துப் பார்த்தது டெக்ஸாமெதஸோனைத்தான். தினம் 6 மில்லிகிராம், அதிகம் போனால் பத்து நாள். ஆறுதானே என்று தோன்றும். பிரெட்னிசொலோனாக மாற்றினால் அது 40! சுவாச யந்திரத்தில் இருந்தவர்களின் மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பிராணவாயு மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு ஒரு நன்மையும் காணவில்லை. கெடுதி இருந்திருக்கவும் கூடும். ஒரே வியாதி, ஒரே மருந்து, ஒரே அளவு. ஆயினும் ஒருவருக்கு உயிர், மற்றவருக்கு வீண். 2021இல் ஒருவர் சீட்டைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பி, அதைக் கண்டவர்கள் மருந்துக் கடைக்கு ஓடியதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

அளவு ஒரு முறை நிச்சயமாகிவிட்டால் அதோடு முடிந்ததா? அதுவும் இல்லை. குறைக்கிற வேலைக்குத்தான் கூடுதலான பொறுமை வேண்டும். பெரியவர்களுக்கு வரும் நீடித்த வியாதிகளில் மேலே இருக்கும்போது 10, 5 என்று பெரிய படியாக இறக்குவார்கள். 10 மில்லிகிராமுக்குக் கீழே வந்த பிறகு மாதத்துக்கு ஒரு மில்லிகிராம் என்று ஊர்ந்து போவதும் உண்டு. உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிஸால், பிரெட்னிசொலோன் கணக்கில் சுமார் 5 மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். அந்த எல்லைக்குக் கீழே மருந்து இறங்கும்போதுதான் சுரப்பி உண்மையாகவே எழுந்து வேலைக்கு வந்தாக வேண்டும். மாடிப்படியில் கடைசிச் சில படிகளை இருட்டில் கால் வைத்துத் தடவி இறங்குகிறோமே, அதுபோல. வழியில் பழைய வலி திரும்பினால் ஒரு படி மேலே ஏறி நிற்பார்கள். மாத்திரையைக் காலை ஆகாரத்துக்குப் பின் சாப்பிடச் சொல்வதும் இந்தச் சுரப்பியின் நியமத்தை ஒட்டித்தான். இரவில் சாப்பிட்டால் தூக்கமும் கெடும். விடியற்காலையில் வர வேண்டிய உத்தரவும் தடைப்படும்.

இவை தவிர, கூடவே சாப்பிடும் மருந்துகள் உள்ளே புகுந்து குழப்பம் செய்யும். நம் நாட்டில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது க்ஷயரோகத்துக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின். ஈரல் பிரெட்னிசொலோனைச் சீக்கிரமாக அழித்துவிடும்படி அது செய்துவிடுகிறது. நேற்று வரையில் போதுமாயிருந்த அளவு இன்று போதாமல் போய், டாக்டர் அதை இரட்டிப்பாக்க நேரிடுவதும் உண்டு. சில காளான் நோய் மருந்துகள் இதற்கு நேர் விரோதமாக, ஸ்டீராய்ட் உடம்பில் தேங்கும்படி செய்கின்றன. ஆகையால், "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்கும்போது, அது ஒன்றுமில்லை, பழைய மாத்திரை என்று மழுப்பக் கூடாது.

ஒரே மனிதருக்கே நாளுக்கு நாள் அளவு மாறும் என்பதற்கு ஜான் கென்னடி நல்ல உதாரணம். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான அவருக்கு அடிஸன் பெயரால் வழங்கும் அந்த வியாதியே இருந்தது. இத்தகையவர்களை அறுவை மேஜையில் கிடத்துவதே அபாயம் என்று எண்ணியிருந்த காலத்தில், 1954இல் அவருக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஸ்டீராய்டின் அளவை அந்த நாட்களுக்கு மட்டும் உயர்த்திக் காப்பாற்றினார்கள். பெயரைச் சொல்லாமல், முப்பத்தேழு வயது மனிதர் என்று மட்டும் குறிப்பிட்டு அடுத்த வருஷம் டாக்டர்கள் அதை ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். இன்றும் அட்ரினல் கெட்டவர்களிடம், ஜுரம் வந்தால் அன்றைய மாத்திரையை இரட்டிப்பாக்கும்படியும், வாந்தியினால் மருந்து தங்காவிட்டால் தாமதிக்காமல் ஊசிக்கு வந்துவிடும்படியும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்.

களிம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறோம். தோலுக்குப் பூசும் ஸ்டீராய்டுக்கும் அளவு உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரையில் குழாயிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். முகம் சிவக்கும் என்று மாதக்கணக்கில் இதை அப்பிக்கொண்டு தோலைக் கெடுத்துக்கொண்ட பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். இப்படிப்பட்ட பல களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கலாகாது என்று 2018இல் இந்திய சர்க்கார் உத்தரவிட்டிருந்தும், கடைகளில் கேட்டால் கிடைக்கிறது என்பதே நிலைமை.

தையற்காரர் மகனுக்கு மாத்திரையை மறுபடியும் ஆரம்பித்தார்கள். இந்த முறை நாமும் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டோம். ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் கட்டம் போட்டுக் கொடுத்தோம். தினம் காலையில் தாயார் சிறுநீரில் ஒரு சிறு காகிதத்தை நனைத்துப் பார்ப்பார். புரதம் இருந்தால் நிறம் மாறும். அந்த நிறம், சாப்பிட்ட மாத்திரை, எடை மூன்றையும் பையனே எழுதுவான். தகப்பனார் தம் பங்குக்கு ஞாயிறுதோறும் இடுப்பையும் கழுத்தையும் டேப்பினால் அளந்து எழுதினார். டாக்டரம்மாள் அந்தப் பத்தியையும் சிரத்தையாகப் படித்தார். இடுப்பு பெருத்தால் நீர் கோத்துக்கொள்கிறது என்றும், கழுத்துப் பட்டி தளர்ந்தால் மாத்திரையின் உப்பல் வடிகிறது என்றும் அவருக்கு ஓர் அடையாளம் கிடைத்துவிடும்.

எட்டு மாதத்துக்குப் பிறகு வியாதி ஒரு முறை திரும்பி வந்தது. இது அடிக்கடி நேர்வதுதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தொடர்ந்து மூன்று நாள் காகிதம் கரும்பச்சையானதை நோட்டுப் புஸ்தகம் காட்டிவிட்டது; வீக்கம் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். இந்தத் தடவை உயர்ந்த அளவை ஆறு வாரம் என்று எழுதவில்லை. தொடர்ந்து மூன்று நாள் காகிதம் நிறம் மாறாமல் இருக்கும் வரையில் என்று எழுதினார்கள். அதன் பிறகு நாள் விட்டு நாளாக நாலு வாரம். பையனுக்கு ஒன்பதாம் நாளே உயர்ந்த அளவு முடிந்தது. அதே ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்த பெண் குழந்தைக்குப் பதினாறு நாள் ஆயிற்றாம். "நான் முந்திவிட்டேன், ஸார்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

இன்னொரு பேச்சும் டாக்டரம்மாள் அந்தக் குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தார். இந்த மருந்து சாப்பிடுகிற குழந்தை, முன்பு சின்னம்மை கண்டிராவிட்டால், அம்மை போட்டிருக்கும் வீட்டுக்குப் போகக் கூடாது. தெரியாமல் போய்விட்டால் அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும். அந்தச் சகோதரியின் வீட்டுப் பையனுக்கும் இது பொருந்துமாகையால் டெலிபோனில் சொன்னோம். அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து நமக்குத் திரும்ப எழுதியிருக்கிறார். சீட்டு மாறவில்லை. பையனின் எடை 20 கிலோவாம். கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் 40. மாமியாருக்குக் கணக்கு விளங்கிவிட்டதென்றும், இப்போது பேரனுக்கு அவரே நேரம் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார் என்றும் கண்டிருக்கிறது.

தையற்காரர் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, டாக்டரம்மாள் நம்மை ஓர் அட்டை எழுதித் தரச் சொன்னார். இந்தப் பையன் இன்ன மாத்திரை, இன்ன அளவு சாப்பிடுகிறான், திடீரென்று நிறுத்தலாகாது, மயங்கி விழுந்தால் உடனே ஹைட்ரோகார்ட்டிஸோன் ஊசி போட வேண்டும் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் முத்து முத்தாக எழுதினோம். அளவு மாறும்போதெல்லாம் அட்டையும் மாற வேண்டும். அட்டையைத் தகப்பனாரிடம் நீட்டியபோது அவர் வாங்கிப் படிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டார். மறு நாள் பையன் சட்டையின் உட்புறத்தில், இடது மார்புக்கு நேராக, ஒரு சிறு பை தைத்திருந்தது.